களச் சரிபார்ப்பு

ஓகஸ்ட் ஒன்பது, பகல் ஒன்று நாற்பதுக்கு
மேலால் போன செய்மதி
ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே ஒரு சதுரத்தைச்
சிவப்பாக்கிவிட்டுப் போனது.
முந்நூற்றெழுபத்தைந்து மீற்றர் நீளம், அவ்வளவு அகலம்.
அதற்குள் எங்கே எரிந்தது, யார் எரித்தது
அதற்குத் தெரியாது.
அதைக் கேட்டுவரத்தான் எனக்குச் சம்பளம்.

டிலக்சன் மோட்டார் சைக்கிளைப் பாலையடியில் சாய்த்தான்.
சாம்பல் சப்பாத்துக்குள்ளாலும் சுட்டது.
வீரைக் கட்டைகள் இன்னும் உள்ளுக்குள் புகைந்தன.
படிவத்தில் ஏழு இலக்கங்கள்.
ஒன்று என்றால் அடர்காடு.
'எரிந்தது, முன்பு ஒன்று' என்று எழுதப்போன நேரம்
கால்மாட்டில் வெள்ளையாய் ஏதோ.
தட்டிப் பார்த்தேன்.

மலகூடக் கோப்பை.
பீங்கான். ஒரு வெடிப்பில்லை.
அதன் தொண்டைக்குள்ளால் எழும்பி
தொடைப் பருமனுக்கு வளர்ந்த வீரையொன்று
முந்தாநாள்தான் கருகியிருந்தது.

"உது எங்கட கக்கூசு."
பேரின்பநாயகி. கையில் காட்டுக்கத்தி,
தலையில் மகனின் கிரிக்கெட் தொப்பி.
"எண்பத்தெட்டில கட்டினது, நான் அப்ப ஆறாம் வகுப்பு.
உங்கட படத்தில இது காடெண்டா
கோப்பையை ஆர் நட்டது?"

அவள் கிணற்றுக்கு இப்பால் மூன்றடியில்
வன இலாகாவின் புது எல்லைக்கல்.
கிணறு காட்டுக்குள்ள, வாளி நாட்டுக்குள்ள
என்றான் டிலக்சன். ஒருவரும் சிரிக்கவில்லை.

எரிக்கும் முறை? படிவம் கேட்டது, நான் கேட்டேன்.
"கொழுத்திப்போட்டுக் குளக்கட்டுக்கு அங்கால படுப்பம்.
வெடிக்கிறதெல்லாம் வெடிச்சு முடியத்தான் எழும்புறது."
அதற்கு விடப்பட்ட இடம் அரை வரி.

பாலையைத் துளைத்து வயது எடுக்கப் பார்த்தேன்.
நாலாவது சென்ரிமீற்றரில் துளைகருவி நுனி முறிந்தது.
உள்ளே சன்னம்.
அதை மூடி மரம் வளர்ந்த தடிப்பு நாலு சென்ரிமீற்றர்.
அதைக் குறித்துக்கொண்டேன், எந்தக் கட்டத்துக்குள் என்று தெரியாமல்.

இரவு, நெடுங்கேணி விடுதி. பழைய படங்களைத் திறந்தேன்.
எண்பத்தெட்டு: மண்ணிறம், கோடுகோடாய் வளவுகள்,
நகக்கண்ணளவு குளம்.
இரண்டாயிரத்து ஒன்று: பச்சை.
இரண்டாயிரத்துப் பத்து: கடும்பச்சை.
இந்தப் பச்சையை எண்ணித்தான் ஒரு மாநாட்டில்
வன்னியில் காடு மீள்கிறது என்றேன்.
ஆட்கள் இல்லாமற் போகப்போக
மேலெழும் ஒரு கோடு
திரையில் வடிவாகத்தான் இருந்தது.
கைதட்டினார்கள்.

ஆனால் எழுபத்திரண்டாம் புள்ளியும் இதே சிவப்பு.
அங்கே வளவில்லை, கிணறில்லை, ஆருடைய கோப்பையும் இல்லை.
வாள் பட்டு மஞ்சளாய் முதிரை அடிகள் பதினெட்டு,
தடயத்துக்கு மேலே தீ,
உழவு இயந்திரத் தடம் கண்டி வீதிப் பக்கம்.
அதே வாளின் அகலம்
பேரின்பநாயகி வளவிலும் ஓர் அடிக்கட்டையில் இருந்தது.
காலையில் போய்க் கேட்டேன்.
"ஓம், ஒண்டு வித்தனான். கிணத்துக்கு மோட்டர் வாங்க."
அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள்.
நான் கருவியைப் பார்த்தேன், செய்மதி பிடிக்கிறதா என்று.

எட்டு என்று புதிதாய் ஒன்று எழுதிப் பார்த்தேன்.
மென்பொருள் எட்டை ஏற்கவில்லை.

வெளிக்கிடும்போது கூப்பிட்டாள்.
மேற்குப் பக்கம் இன்னும் அரை ஏக்கர் பற்றை,
வெட்டிக் காயப்போட்டபடி.
"தங்கச்சி, உது மேலால எத்தினை மணிக்குப் போகும்?"

ஒன்று நாற்பது என்றேன்.

"அப்ப ரெண்டுக்குப் பிறகு கொழுத்துறன்."

இரவிலும் ஒருக்கால் வரும்.
சொல்ல வாயெடுத்தேன்.
டிலக்சன் மோட்டார் சைக்கிளை உதைத்தான்,
சத்தம் போதுமாயிருந்தது.