சில்லறை உட்கார்ந்த இடம்

சில்லறை என்று பெயர் வைத்தது நான் இல்லை.
சேலம் ஐந்து ரோட்டில் லாரிக்கு அடியிலிருந்து
அதை இழுத்தெடுத்த கிளீனர் பையன் வைத்தது.
பாதி கோம்பை, மீதி யாருக்கும் தெரியாது.
மூக்கு மட்டும் முழுசு.

ஒன்பது மாதம் பழக்கினோம்.
மூடியில் துளையிட்ட ஆறு டப்பாக்கள்,
ஒன்றில் மட்டும் அழுங்கின் எச்சம்:
எறும்புத் தலைகளும் செம்மண்ணும் சேர்ந்து காய்ந்த ஒரு விரல் நீளம்.
சில நாள் செதில், வனத்துறை பறிமுதல் செய்து தந்தது.
கண்டால் குரைக்கக் கூடாது, தோண்டக் கூடாது.
உட்கார வேண்டும்.
உட்கார்ந்தால் பந்து.
அதற்குத் தெரிந்த ஒரே சம்பளம்
ஒரு பக்கம் கடிபட்ட அந்தப் பச்சைப் பந்து.

விடியலில் ஏற்காட்டுக் காற்று ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கும்.
வெயில் ஏறினால் அதே வழியில் மேலே திரும்பும்.
இடையில் எங்களுக்கு மூன்று மணி நேரம்.
காப்பிச் செடிகளுக்குள், மிளகுக்கொடி முகத்தில் உரச,
நீளக் கயிற்றின் ஒரு முனையில் அது,
மறுமுனையில் நான்,
பின்னால் படிவமும் காகிதப் பைகளும் சுமந்து பொன்னுருவி.

முதல் நாள் மஞ்சக்குட்டை. காட்டெருமைச் சாணம்.
இரண்டாம் நாள் நாகலூர். முள்ளம்பன்றி முள், பீர் பாட்டில்.
மூன்றாம் நாள் மழை.
நான்காம் நாள் பழைய பாக்சைட் குழிகளின் விளிம்பில்
சில்லறை என்னைத் திரும்பிப் பார்த்தது,
பாக்கி கேட்பது போல.

தொடர்ந்து ஒன்றும் கிடைக்காவிட்டால் நாய் மனம் விட்டுவிடும்.
அதனால் நாங்களே ஒரு துண்டை
வேர் இடுக்கில் ஒளித்து வைப்போம்.
அது கண்டுபிடிக்கும். உட்காரும். பந்து பறக்கும்.
வால் சுழல்வதைப் பார்த்துக் கைதட்டுவோம்.
எங்களுக்காக யாரும் எதையும் ஒளித்து வைப்பதில்லை.

ஐந்தாம் நாள் கரடியூர்.
கரடி இருக்கிறதா என்றேன்.
"பேர்ல இருக்குங்க" என்றார் டீக்கடைக்காரர்.

எஸ்டேட் லைன் வீடுகளைத் தாண்டும்போது கயிறு இறுகியது.
மூக்கு ஒரு நூலைப் பிடித்தாற்போல்
இடம், வலம், மறுபடி இடம், பிறகு நேர்.
நான் காட்டுப் பக்கம் இழுத்தேன். வரவில்லை.
நாயை நம்பு என்பது பயிற்சியின் முதல் பாடம்.
அது எனக்கான பாடம்.

கதவு திறந்திருந்தது.
சேலைத் தூளியில் எட்டு மாதக் குழந்தை,
விழித்தபடி, ஒரு கால் வெளியே.
சில்லறை தூளிக்கு அடியில் போய்
சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

அரைஞாண் கயிற்றில்
நகம் அளவு ஒரு செதில்.

அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள் சடைச்சி.
"கடிக்குமா?"
கடிக்காது என்றேன்.
அது பார்ப்பது எதை என்று அவளும் பார்த்தாள்.
"ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுவான்.
அவரு சேலத்துல ஒருத்தர்கிட்ட வாங்கியாந்து கட்டுனாரு.
அப்புறந்தான் நான் தூங்குறேன்."

மூன்று நொடிக்குள் பந்து தர வேண்டும்.
தாமதித்தால், தான் தப்பு செய்ததாக அது நினைத்துக்கொள்ளும்.
ஒன்று.
பொன்னுருவி தரையைப் பார்த்தாள்.
அவள் தம்பி இடுப்பிலும் ஒன்று கிடந்ததாம்,
இறக்கத்தில் வந்தபோது சொன்னாள்.
இரண்டு.
எறிந்தேன்.

சிமென்ட் தரையில் குதித்து, குடத்தில் மோதி,
பந்து எங்கெங்கோ ஓட
தூளிக்குள்ளிருந்து குழந்தை சிரித்தது.

படிவத்தில் நான்கு கட்டம்:
எச்சம், வளை, நகக்கீறல், நேரில் கண்டது.
தேதி எழுதினேன். உயரம் எழுதினேன்.
அழுங்கு என்று எழுதிவிட்டு நின்றேன்.
அந்தச் சொல் வினைச்சொல்லும்கூட:
கெடு, மங்கு, வருந்து.
பேனாவை மூடினேன்.

எச்சில் வழிந்த பந்தைச் சடைச்சிதான் எடுத்தாள்,
முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.
"இதோட மீதி எங்க இருக்குன்னு
இதுக்குத் தெரியுமா?"

சில்லறை அதற்குள் வாசலில் நின்றது.
வெயில் ஏறிவிட்டது.
காற்று கீழிருந்து வந்துகொண்டிருந்தது.