வீட்டில் உள்ளவர்கள் எண்ணிக்கை

படிவத்தில் அது ஏழாவது கேள்வி.
நாலு பேர் என்றாள் கெம்பம்மா.
அவள், மகள், மகளின் கைக்குழந்தை,
ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் திம்மராஜ்.
"ராத்திரி ஷிஃப்டு. லீவே குடுக்க மாட்றானுங்க."

எழுதிக்கொண்டேன்.

ராயக்கோட்டையில் எனக்குப் பதினோராவது நாள்.
தக்காளி மண்டிக்குப் பின்னால் அந்தத் தெரு.
அழுகலும் டீசலும் கலந்த வாடை
நோட்டுப் புத்தகத்தில்கூட ஏறியிருந்தது.

கிளாஸைக் கழுவிக்கொண்டே,
என்னைப் பார்க்காமல் சொன்னார் டீக்கடை சிலார் பாய்:
திம்மராஜ் போய் ஆறு வருஷம்.
சூளகிரி தாண்டி, லாரி.
தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர்.

நாலை அழித்து மூன்று போட்டேன்.
ஓரத்தில் ஒரு குறிப்பு:
தகவலாளி நம்பத்தக்கவர் அல்லர்.

பிறகுதான் கண்ணில் பட்டது.
பஸ்ஸில் தொங்கியபடி கண்டக்டர் கத்திவிட்டுப் போகிறான்:
"உன் பையனப் பாத்தேங்கா, டியூட்டிக்கு ஓடிட்டிருந்தான்!"
ரேஷன் கடையில் நாலு பேர் கணக்கு என்று
சத்தமாகச் சொல்லி
மூன்று பேர் அரிசியைப் போடுகிறார்கள்.
பையன் ஜாதகம் கேட்டு வந்த வெளியூர்த் தரகரைத்
தெருமுனையிலேயே மடக்கி
டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.
தினமும் குழாயடியில் அவளோடு மல்லுக்கு நிற்கும் நாகவேணி,
ஏழு தலைமுறையையும் இழுத்து வைபவள்,
அந்த ஒன்றை மட்டும் வாயில் எடுத்ததில்லை.

அவளுக்குத் தெரியாதா?
களி கிண்டினால் இரண்டே உருண்டைதான் பிடிக்கிறாள்.
ஒரு நாளும் கணக்குத் தப்பியதில்லை.

கருவி செய்பவன் மனிதன் என்று
முதல் வருடம் படித்தேன்.
அடுத்த வருடமே ஒரு குரங்கு
குச்சியை ஒடித்துக் கரையான் பிடித்தது.
மொழி என்றோம், திமிங்கிலங்கள் வந்து தகராறு செய்தன.
செத்தவரைப் புதைப்பவன் என்ற வரியை
இறுகப் பிடித்துக்கொண்டு
மலைமேல் கல்திட்டைகளில் மூன்று கோடை குனிந்து கிடந்தேன்.
எலும்புக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம்.
வாய் விட்டம் பதினொரு சென்டிமீட்டர்.
உள்ளே: ஒன்றுமில்லை,
என்று எழுதிக் கையெழுத்தும் போட்டவள் நான்.

கிளம்புகிற அன்று
பஸ் நிறுத்தம்வரை வந்தாள்.
முட்டாள்தனமாக, யோசிக்காமல், சொல்லிவிட்டேன்:
"போன வாரம் ஓசூர்ல பாத்தேன்."

யாரை என்று கேட்கவில்லை.
முந்தானையை ஒருமுறை உதறிக்கொண்டாள்.
"எளச்சிருக்கானா?"

"இல்ல. கொஞ்சம் தொப்பை."

சிரித்தாள் கெம்பம்மா,
வெற்றிலைக் காவிப் பல் அத்தனையும் தெரிய.
"களிய வுட்டுட்டு
மூணு வேளையும் சோறு தின்னா
அப்படித்தான்."

ஆய்வறிக்கையில் இது இல்லை.
ஏழாவது கேள்விக்கு நேரே
ரப்பர் தேய்த்துத் தேய்த்து
தாள் மெலிந்திருக்கிறது.
வெயிலில் பிடித்தால்
மறுபக்கம் தெரியும்.