இன்னும் இரண்டு குழாய்

தொண்ணூறு மீட்டர்.
முப்பது குழாய் உள்ளே போயாயிற்று.
லாரியில் மிச்சம் இரண்டு.
வெருலம் சரிவில், கரும்புக்காட்டு ஓரத்தில்,
துளையிலிருந்து இன்னும் வருவது
வெறும் சாம்பல் நிறப் புழுதி.

துலானி ஒரு பிடி கல்துகளை
உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டுப் பார்க்கிறான்.
"நேற்றைய கல்தான்" என்கிறான்.
வீட்டுக்காரர் மூட்லி மூன்றாம் தடவை தேநீர் கொண்டுவருகிறார்.
அவர் சமையலறைக் குழாயில் ஏழு வாரமாகக்
காற்று மட்டும் இருமுகிறது.
எதுவும் கேட்கவில்லை. மீட்டருக்கு இத்தனை ராண்ட் என்று
உதடு மட்டும் பெருக்கிக்கொண்டிருக்கிறது.

அகல உழுவதை விட ஆழ உழு என்பார்கள்.
சொன்னவர் டீசலுக்குக் காசு கொடுத்தவரில்லை.

நானும் ஆழ உழுதவள்தான்.
ஜேக்கப்ஸ் தையல் ஆலையில் பத்தொன்பது வருடம்
சட்டைக்குக் காலர் மட்டும்.
கைப்பகுதி தைக்கத் தெரியாது, பொத்தான் துளை தெரியாது,
காலர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு.
ஒரு வெள்ளிக்கிழமை கதவில் காகிதம் ஒட்டியிருந்தது.
எங்கிருந்தோ முழுச் சட்டையே
என் காலரை விட மலிவாக வந்து இறங்கியதாம்.

கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில்
இந்த இயந்திரம் வாங்கினேன்.
"சலோ, பாறையைப் பற்றி உனக்கு என்னடி தெரியும்?"
கேட்காத சொந்தக்காரர் இல்லை.
ஒன்றும் தெரியாது. அதுவே புதிதாக இருந்தது.

முதல் துளை டொங்காட்டில்.
நூற்றிருபது மீட்டர் பிடிவாதத்தால் இறங்கினேன்; புழுதி.
அடுத்த மாதம் வேறொருவன் வந்து
அதே தோட்டத்தில் நாற்பது எட்டு தள்ளி
அறுபதில் தண்ணீர் எடுத்தான்.
சரி, இனி அகலம்தான் என்று
ஸ்டாங்கரில் ஒரே வாரத்தில் ஆறு துளை.
நிலம் சல்லடையானது.
நான்காவதை மூடாமல் விட்டுவந்தேன்.
அதற்குள் இன்னும் ஒரே ஒரு குழாய் இறக்கியவனுக்கு
நீர் பீறிட்டதாகக் கேள்விப்பட்ட இரவு
சமைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, வெளியே சொல்வதில்லை.
ஒரு பள்ளிக்கூடத்தில் எழுபத்தெட்டில் அடித்தது.
பிள்ளைகள் நனைந்து ஆடினார்கள், படம் எடுத்தார்கள்,
தலைமையாசிரியை என்னைக் கட்டிக்கொண்டார்.
பரிசோதனையில் உப்பு.
கழிப்பறைக்கு ஆகும், வாய்க்கு ஆகாது.
அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.
எல்லாரும் சிரிக்கிறோம்.

தையல் ஊசிக்கு ஒரு வழக்கம்.
கீழே குத்தும், மேலே வரும்,
வந்த கணத்தில் துணி ஒரு நெல்லளவு நகரும்.
துணி நகராமல் குத்திக்கொண்டே இருந்தால் ஓட்டை.
ஊசி இறங்காமல் துணி மட்டும் ஓடினால்
மேசைக்கு அந்தப் பக்கமும் வெறும் துணி.
பாறைக்கு இது பொருந்துமா என்று
எனக்கே நிச்சயமில்லை. பாறை நகராது.
நகர வேண்டியவள் நான், அதுவும் வாடகை லாரியில்.

"சிசி" என்று துலானி கூப்பிடுகிறான்,
உள்ளங்கையை நீட்டுகிறான்.
சாம்பலுக்கு நடுவே ஒரு கருப்புத் துகள்,
எள்ளை விடச் சிறிது, உடைந்த முனை மினுங்குகிறது.
கல் மாறும் இடத்தில் தண்ணீர் தங்கும் என்பது
இந்த நான்கு வருடத்தில் நான் கற்றது.
கல் மாறியும் காய்ந்தே கிடக்கும் என்பதும்.

எடுத்து நாக்கில் வைக்கிறேன்.
மூட்லி ஆறிப்போன கோப்பையோடு நிற்கிறார்.
"ஒரு குழாய்" என்கிறேன்.
மற்றதை லாரியிலிருந்து இறக்க வேண்டாம் என்றும்.