நூற்றிருபது

டுலூத்தில் ஏரி உறைந்து கிடந்த ஒரு பிப்ரவரியில்
என் கவுண்டருக்கு முதன்முதலாக வந்தாள் வெர்னா ஹால்வர்சன்.
பூட்ஸில் சாலை உப்பு.
கையில் ரப்பர் பட்டை போட்ட பணம்.
"பட்டமெல்லாம் வேண்டாம், அவ்வளவு நேரம் கிடையாது.
தண்ணீர்ச் சோதனைக்கு ஒரு சான்றிதழ், அது போதும்."

ஆறு கிரெடிட்.
பதிவேட்டில் ஏற்றினேன்.

குடிநீர் நிலையத்தில் அவளுக்கு இரவு வேலை.
ஊர் விடிந்ததும் குடிக்கப்போகிற தண்ணீரைச்
சின்னக் குப்பியில் பிடித்து
குளோரின் எவ்வளவு சிவக்கிறதென்று பார்ப்பாள்.
சான்றிதழ் வந்ததும் மணிக்கு ஒரு டாலர் நாற்பது சென்ட் கூடியதாம்;
முதல் மாத உபரி காரின் சைலன்சருக்குப் போனதாம்.
அடுத்த முறை வந்தபோது சொன்னாள்.

அடுத்த முறை என்பது
இரண்டு வருடம் கழித்து.

பம்புகளும் வால்வுகளும்: ஒன்பது கிரெடிட்.
பிறகொரு கோடையில் புள்ளியியல். தோற்றாள்.
மறு கோடையிலும் அதே புள்ளியியல்,
அதே ஆடுகிற நாற்காலி.
விவாகரத்து நடந்த ஆண்டில் ஒன்றுமில்லை.
கோப்பில் அந்த இடம்
பனி மூடிய கார் நிறுத்தம் மாதிரி.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று
சொல்லிவிடலாம்.
சிறுகக் கட்டுகிறவளுக்கு
ஒவ்வொரு செங்கல்லுக்கும் தனி விண்ணப்பக் கட்டணம்.
அதை வாங்கிப் பெட்டியில் போட்டவன் நான்.

பதினோராம் ஆண்டில்
நான்தான் சொல்ல வேண்டியிருந்தது:
பத்து வருடம் தாண்டிய அறிவியல் கிரெடிட் செல்லாது.
உங்கள் வேதியியல் காலாவதி.

அவள் கத்தவில்லை.
கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
"அந்தக் காலாவதியான வேதியியலைத்தான்
நேற்று ராத்திரி எண்பதாயிரம் பேர் குடித்தார்கள்."

அவள் போனபின்
கையேட்டை முதலிலிருந்து படித்தேன்.
அங்கே வேலை பார்க்கும் எவனும் அதைப் படித்ததில்லை.
எழுபத்தோராம் பக்கத்தில் ஒரு சந்து இருந்தது:
தெரியுமென்றால் எழுதிக் காட்டலாம்.

ஷிப்ட் முடிந்து நேராக வந்தாள்,
சீருடையில், நீலத் தொப்பியோடு.
நாற்பது நிமிடம் மிச்சமிருக்கையில் எழுந்துவிட்டாள்.
நான்கு கிரெடிட் திரும்பி வந்தது.

இந்த மே மாதம் கூட்டிப் பார்த்தால் நூற்றிருபது.
மறுபடி கூட்டினேன்.
நூற்றிருபதுதான்.

ஒரே ஒரு சிக்கல்.
முதல் மூன்று தாள்களில் வெர்னா ஹால்வர்சன்,
மற்றவற்றில் வெர்னா டோய்வோலா.
பட்டத்தில் எந்தப் பெயர்?

"இப்போது உள்ளதைப் போடுங்கள்" என்றாள் சட்டென்று.
கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினாள்.
தேடியவள் அப்படியே நின்றாள்.
அவள் பின்னால் வரிசை நீண்டது.
யாரோ இருமினார்கள்.

"இல்லை, பழைய பெயரையும் சேர்த்தே போடுங்கள்.
பாதியை அவள்தானே படித்தாள்."

பெட்டியில் இடம் போதவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கினேன்.

"கழிவுநீருக்கும்
ஏதோ சான்றிதழ் இருக்கிறதாமே?"
என்றாள்.