யாருமில்லை என்ற பயனர்

வினிபெக், எல்லிஸ் அவென்யூ, ஜனவரி.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
அகதி வழக்குகளுக்கான எங்கள் சட்ட உதவி நிலையத்தில்
துடைப்பம் வைக்கும் அறைதான் சர்வர் அறை.
கட்டடத்திலேயே சூடான இடம் அதுதான்
என்பதால் எனக்குப் புகார் இல்லை.

ஹெல்கா ரைமர் சொன்னாள்:
நாளைக்கு நானூறு கடிதம்.
முந்நூற்றெண்பதில் யாரோ ஓர் இளவரசர் செத்துப்போகிறார்.
ஏதாவது செய்.

சலிப்பான் ஒன்றை இறக்கி
ஆறு வரியில் ஓர் ஏவல் எழுதினேன்.
இலக்கணத்தில் ஏவல் என்றால் செய், நில், வா.
மந்திரவாதியிடம் ஏவல் என்றால் வேறு.
யூனிக்ஸில் இரண்டும் ஒன்றுதான்:
முகமில்லை, திரையில்லை,
ஏவியவன் தூங்கப் போனபிறகும் வேலை நடக்கும்.

அதற்கு மேலே ஒரு காவல்.
காவலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று,
விழுந்தால் எழுப்பு.
ஒரு நொடி பொறு, எழுப்பு.
ஏன் விழுந்தாய் என்று கேட்பதில்லை.

முதல் இரவே பிசகினேன்.
பழக்கத்தில் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன்;
பின்னணிக்குப் போ என்று அதற்குப் பொருள்.
சலிப்பான் கீழ்ப்படிந்து, காவலின் கண்ணிலிருந்து நழுவிப்
பின்னால் போய் நின்றது.
பிள்ளை செத்ததென்று நினைத்த காவல்
இன்னொன்றைப் பெற்றது.
நிற்க இடமில்லாமல் அது செத்தது.
இன்னொன்று.
விடியும்வரை நொடிக்கொரு பிறப்பு, நொடிக்கொரு சாவு,
பதிவேட்டில் இருபத்தெட்டாயிரம் வரி ஒரே ஒப்பாரி:
வாசலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

எழுத்தை அழித்தேன். கண் முன்னாலேயே நில் என்றேன்.
கடைசி வரியைக் கூடு விட்டுக் கூடு பாயச் சொன்னேன்.
ஏவிய வரி மறைய, அதே எண்ணில், அதே மூச்சில்
சலிப்பான் எழுந்தது.

ஊரான் எழுதியதையெல்லாம் பிரித்துப் பார்க்கும் வேலை;
எல்லா அதிகாரமும் உள்ளவர் பெயரில் ஓட்டக் கூடாது.
எல்லா இயந்திரத்திலும் பிறவியிலேயே
‘யாருமில்லை’ என்றொரு பயனர் உண்டு.
கடவுச்சொல் இல்லை. வீடில்லை. ஒரு கோப்பும் சொந்தமில்லை.
அந்தப் பெயரில் ஓடவிட்டேன்.

பிறகு படிப்பித்தேன்.
இருநூறு நல்லது, இருநூறு குப்பை காட்டும்வரை
அது கருத்தே சொல்லாது.
காட்டினேன். மறுநாள் ஒன்றும் தெரியாது என்றது.
மறுபடி காட்டினேன். மறுபடி வெறுமை.
மூன்றாம் நாள், துடைப்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து
பதிவேட்டைப் படித்தபோதுதான் உறைத்தது:
வீடில்லாததற்கு
நினைவை வைக்க இடமில்லை.

யாருமில்லைக்கு எதுவும் சொந்தமாகக் கூடாது
என்கிறது கைநூல்.
ஆகவே புதுப் பெயர், புது எண், ஒரு கோப்புறை.
இரண்டு வாரம் அமைதி.
ஹெல்கா உறைந்த ருபார்பில் பிளாட்ஸ் சுட்டுக் கொண்டுவந்தாள்.

ஒரு புதன்கிழமை, சும்மா, குப்பையைத் திறந்தேன்.
ஐந்தைத் தாண்டினால் குப்பை. இது ஏழு புள்ளி மூன்று.
அவசரம், அவசரம், அவசரம், பெரிய எழுத்தில்.
என் கணவர் இறந்துவிட்டார்.
என்னிடம் பணம் இல்லை.
உங்களை நம்பி எழுதுகிறேன், கடவுள் ஆசீர்வதிப்பார்.
மெஹ்ரெத் டெஸ்ஃபாலெம். அஸ்மாரா, கார்ட்டூம்,
இப்போது சார்ஜென்ட் அவென்யூவில் ஒரு நிலவறை.
படிவம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளி.

குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காதாம்.
சாயம் பூசிய மூவாயிரம் கூழாங்கல்லைப் பார்த்த கண்ணிடம்
நிறத்தைப் பற்றி என்ன கேட்பது?
இளவரசர்கள் அவளிடமிருந்துதான்
சொற்களைத் திருடியிருக்கிறார்கள்.

ஹெல்கா போனை எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது.
மறுபடி.
நான் அறைக்குத் திரும்பி, அந்தக் கடிதத்தை அதன் முன் வைத்து
இது குப்பை அல்ல என்றேன்.
ஒன்று கற்றேன் என்றது.
ஐந்தை எட்டாக்கினேன். காவல் அதை விழுத்தி எழுப்பியது.
ஒரு நொடி.
சுவருக்கு அப்பால் ஹெல்காவின் குரல்,
ஒரு பெயரை எழுத்தெழுத்தாய்க் கேட்டு எழுதிக்கொண்டு.

வியாழன் காலை அறுபத்திரண்டு குப்பை உள்ளே வந்திருந்தது.
மூன்று இளவரசர், ஒரு லாட்டரி.
ஹெல்கா குளிரங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்த் திறந்தாள்.