டொடுக்

ஒவ்வொரு முறை காடி உள்ளே ஏறும்போதும்
முன்சக்கரம் ஒரு டொடுக்,
பின்சக்கரம் ஒரு டொடுக்.
ஒன்பது வருடமாக
வீடு வந்துவிட்டது என்று அதுதான் எனக்குச் சொல்லும்.

போன செவ்வாய் மூன்றாவதாக ஒரு சத்தம்.
இறங்கிப் பார்த்தால்
மூடியின் ஒரு மூலை உள்ளே போயிருந்தது.
கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பி
துருப்பிடித்து வெளியே எட்டிப் பார்த்தது.

குளுகோரில் எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் உண்டு இது.
சிலர் மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள்.
சிலர் பூச்சட்டி வைத்திருக்கிறார்கள்.
எனக்கு முன்னால் இருந்தவர்
சுற்றிலும் சிமெண்ட் பூசியே அடைத்துவிட்டார்,
நாற்றத்துக்குப் பயந்தோ
மறந்துபோவதற்கோ.

கொந்தரேக்டர் ஆ லெங் வந்து
காலால் இரண்டு தட்டு தட்டினார்.
"எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு."
"மூடி மட்டும்?"
"நானூறு. ஆனா உள்ளே பார்க்காம நான் மூட மாட்டேன்."
மலாயில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகவே
சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை போட்டு நெம்பியதில்
பிடி மட்டும் கழன்று கையோடு வந்தது.
உளியால் கொத்தி, தண்ணீர் விட்டு, மறுபடி கொத்தி,
நாங்கள் தேநீர் குடிக்க உட்கார்ந்த பிறகு
தானாக அசைந்தது.

நினைத்த அளவுக்கு நாறவில்லை.
கரப்பான்கள் வெயிலைத் திட்டிக்கொண்டு ஓடின.
அடியில் அரைவட்ட வாய்க்கால்,
எந்தக் கொத்தனாரோ கரண்டியால் வழித்துவிட்ட வழவழப்பு.
யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும்
அவ்வளவு நேர்த்தி.
அங்கே மூன்று குழாய்கள்.

"இது உன் வீடு. இது ரோட்டுக்குப் போகுது.
அது யாரோடது?"
பார்ப்பதற்குச் சாயம் வேண்டும், கொண்டுவரவில்லை என்றார்.
நான் போய் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்தேன்.
கழிவறையில் நாலு கரண்டி கொட்டி
ஃப்ளஷை இழுத்துவிட்டு ஓடிவந்தால்
எனக்கு முன்பே வந்து நின்றது மஞ்சள் தண்ணீர்,
சடங்கு வீட்டுக்கு முதலில் வந்துவிட்ட அத்தைபோல.

அப்போது மூன்றாவது குழாய் இருமியது.
நுரை. சோப்பு வாசனை.
அது மஞ்சளைத் தொட்ட இடம்
சிவந்தது.

ஆ லெங் ஓரடி பின்வாங்கினார்.
"ஐயோ, ரத்தமா?"
சுண்ணாம்பு பட்டு ஆரத்தித் தட்டில் சிவக்கிற அதே மஞ்சள்
சோப்புக் காரத்திலும் சிவக்கும் என்பதை
அவருக்கு எந்த மொழியில் சொல்வது?
வெள்ளைப் பள்ளிச் சட்டையில் குழம்பு கொட்டி
அலசியவர்களுக்குத் தெரியும்.

ஞாயிறு பதினொன்றரைக்கு மெஷின் போடுவது
பக்கத்து வீட்டு இன்பராணி.
நாங்கள் பேசி நான்கு வருடம்.
அவள் தம்பி என் கேட்டை மறித்துக் காடியை நிறுத்தினான்,
நான் ஒரு வார்த்தை சொன்னேன்,
அவள் ஒன்பது சொன்னாள்.
தீபாவளிக்கு முறுக்குத் தட்டு வருவது நின்றது.
வேலிக்கு மேல் தகரம் ஏறியது.
அடியில் மட்டும்
அவள் துணி அலசியதும் நான் பாத்திரம் கழுவியதும்
ஒரு நாள் தவறாமல் கலந்து
ஒரே வாய் வழியாகப் போயிருக்கின்றன.

"நாளைக் காலை வரைக்கும் தண்ணி வரக்கூடாது.
சிமெண்ட் காயணும். அவங்ககிட்ட சொல்லு."
"நீங்களே சொல்லுங்களேன்."
"உன் பக்கத்து வீடு," என்றார் ஆ லெங்,
மணலைச் சலித்தபடி.

அவள் வீட்டு மணி வேலை செய்யவில்லை.
பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது.
ஈரத்துணி தோளில், கதவைப் பாதி திறந்தாள்.
நான்கு வருடத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் வாக்கியம்:
"இன்னைக்குக் கக்கூஸில் தண்ணி ஊத்தாதே."

ரொம்ப நேரம் பார்த்தாள்.
"உன் கை ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?"

புது மூடி சத்தம் போடுவதில்லை.
சில இரவுகள் காடியை நிறுத்தியும்
இன்னும் வந்து சேராதது போல உட்கார்ந்திருக்கிறேன்.
பாதிப் பணம் தருவதாகச் சொன்னாள் இன்பராணி.
இதுவரை தரவில்லை.
போன வாரம் முறுக்கு வந்தது,
உப்பு கொஞ்சம் கூட.