எண்பத்தேழாம் வரி

இலந்தைக்குளம், மூன்றாம் மாடி, ராத்திரி இரண்டரை.
சர்வரில் நாலு கோர்.
அதன்மேல் பதினோராயிரத்துச் சொச்சம் பணிகள்,
ஒவ்வொன்றும் தான் மட்டுமே ஓடுவதாக நினைத்துக்கொண்டு.

பிறக்கும்போது இரண்டு கேபி இடம், ஒரு எண்.
அவ்வளவுதான் ரன்டைம் தரும் சீதனம்.
கூப்பிட்டால் ஓடும்.
டிஸ்க்கிடம் எதையாவது கேட்டுவிட்டால்
எழுந்து இடம் விடும்,
மாட்டுத்தாவணியில் நத்தம் வண்டி
டீசலுக்குப் போன இடத்தில்
மேலூர் வண்டி மூக்கை நுழைக்கிற மாதிரி.
நகராமல் ஓட்டிக்கொண்டே இருப்பதை
ஷெட்யூலர் விசிலடித்து இறக்கும்.

மெமரி ஏறுது, பாருங்க என்று
துளசிராம் போன் போட்டான்.
பார்த்தேன்.
ஒன்பதாயிரம் பேர் ஒரே வரியில்,
ஒரு சேனலில் பதில் வருமென்று.
மூத்ததற்கு நாற்பத்தொரு நாள்.

பதில் அனுப்பவேண்டிய ஃபங்ஷன் இப்போது இல்லை.
'தேவையில்லை' என்று குறிப்பெழுதி
நான்தான் எடுத்தேன்,
சித்திரைத் திருவிழா லீவுக்கு முந்தின சாயங்காலம்.

ரன்டைமுக்கு அது தெரியாது.
தூங்குவதை எழுப்பாது, விரட்டாது,
கணக்கில் வைத்திருக்கும்.

முப்பது விநாடி கெடு வைத்தேன்.
பெற்றது முடியுமுன் பிள்ளைகளை எண்ணும்படி
நாலு வரி. ரீஸ்டார்ட்.
ஒன்பதாயிரமும் ஒன்றும் சொல்லாமல் போயின.

பைக்கை எடுக்கும்போதுதான் பார்த்தேன்.
சுபைதா, ஒன்பது பத்துக்கு:
'சாப்பாடு எடுத்து வைக்கவா?'
தூங்கியிருப்பாள்.
இருந்தாலும் 'வந்துட்டே இருக்கேன்' என்று தட்டினேன்.

உடனே விழுந்தன
இரண்டு நீல டிக்.